ஒரு கியூஆர் கோடுக்குள் எத்தனை துறைகள்?

தாளில் அச்சடித்த கியூஆர் கோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதியில் பேனாவால் கொஞ்சம் கிறுக்கிவிட்டு ஃபோனில் ஸ்கேன் செய்து பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும். இன்னும் கொஞ்சம் கிறுக்கினாலும் வேலை செய்யலாம். இப்போது அதே கோடின் இன்னொரு பிரதியை எடுத்து, நடுப்பகுதியை விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் பெரிய சதுரங்களில் ஒன்றை மட்டும் விரலால் மூடுங்கள். மறைத்த இடம் முன்னதைவிடக் குறைவுதான். ஆனால் ஃபோன் திணறும், பல நேரங்களில் படிக்கவே முடியாமல் நின்றுவிடும்.

ஏன் அப்படி? இந்த ஒரு கேள்வியைப் பதினைந்து, பதினாறு வயது மாணவர்களிடம் கொடுத்து ஒரு மணி நேரம் விட்டால் போதும். தொழில்நுட்பப் படிப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். துறைப் பெயர்கள் வரிசையாக அச்சடித்த கையேடு அந்த வேலையைச் செய்யாது.

பள்ளி மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்து காட்டும் நாட்கள் உலகெங்கும் நடக்கின்றன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரு வரவேற்புரை, கட்டடங்களைச் சுற்றி ஒரு நடை, ஆடும் ரோபோ, பறக்கும் ட்ரோன், கடைசியில் எந்தப் படிப்புக்கு என்ன தகுதி என்று சொல்லும் உரை. மாணவர்கள் ரசிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய், "அங்கே நீ என்ன படிக்கலாம்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. அவர்கள் பார்த்தது முடிந்துபோன வேலையை. அந்த ரோபோ நிற்கக் கற்றுக்கொண்ட மாதங்களை அவர்கள் பார்க்கவில்லை. படிப்பும் தொழிலும் அந்த மாதங்களில்தான் இருக்கின்றன.

அதனால் கியூஆர் கோடுக்கே திரும்பி வருகிறேன். அதற்குள் இருக்கும் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால், துறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இது பிறந்தது ஒரு தொழிற்சாலைத் தேவையில். ஜப்பானில் கார் பாகங்கள் செய்யும் டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் குழு 1994இல் இதை உருவாக்கியது. அதற்கு முன் பாகங்களை அடையாளம் காணப் பார்கோடுதான். ஒரு பார்கோடில் இருபது எழுத்துகள் அளவுக்குத்தான் அடங்கும். அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி, ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளில் ஆயிரம் முறை அதே கை அசைவு என்றால் களைப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வேலை எந்த வரிசையில் நகர்கிறது, எங்கே தேங்குகிறது, மனித உழைப்பு எங்கே வீணாகிறது என்று கவனிப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. தொழிலக உற்பத்திப் பொறியியல் என்பார்கள். பள்ளியில் யாரும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அடுத்தது, கேமரா அந்தச் சதுரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? படத்தில் எழுத்துகள், கட்டங்கள், நிழல்கள் எல்லாம் இருக்கும்; அவற்றின் நடுவே கியூஆர் கோடு சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கலாம். மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள் இதற்காகத்தான். அந்தச் சதுரத்தின் நடுவழியாக எந்தத் திசையில் ஒரு நேர்கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்ற பட்டைகளின் அகலம் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். ஹாராவின் குழு பத்திரிகை, துண்டறிக்கை, அட்டைப்பெட்டி என்று அச்சுப் பொருட்களை அலசி, அவற்றில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடி இதைத் தேர்ந்தெடுத்தது. அரிதாக இருந்தால்தான் கேமரா வேறொன்றைப் பார்த்து ஏமாறாது. மூலையை மூடினால் ஃபோன் திணறுவதற்குக் காரணம் இப்போது தெரிகிறது: உள்ளே இருக்கும் தகவல் அப்படியேதான் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்பதுதான் ஃபோனுக்குத் தெரியவில்லை. பட ஆய்வு, கணினிப் பார்வை என்ற பாடங்களில் படிப்பது இப்படிப்பட்ட விஷயங்களைத்தான். ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

நடுவில் கிறுக்கியும் வேலை செய்ததே, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்களிடம் 3, 5 என்ற இரண்டு எண்கள் இருக்கின்றன. இவற்றை நண்பருக்கு அனுப்ப வேண்டும், வழியில் ஏதாவது ஒன்று மாறிப்போகலாம். என்ன செய்யலாம்? வரைபடத்தாளில் முதல் இடத்தில் 3, இரண்டாம் இடத்தில் 5 என்று புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். அதை நீட்டினால் மூன்றாம் இடத்தில் 7, நான்காம் இடத்தில் 9 வரும். இப்போது 3, 5, 7, 9 என்று நான்கையும் அனுப்புங்கள். நண்பருக்கு 3, 5, 1, 9 என்று போய்ச் சேர்ந்தால்? அவர் புள்ளி வைத்துப் பார்ப்பார். மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், ஒன்று மட்டும் தள்ளி நிற்கும். எது தவறு என்றும் தெரிந்துவிடும், சரியான எண் என்ன என்றும் தெரிந்துவிடும். உங்களிடம் திரும்பக் கேட்கவே வேண்டாம்.

நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்புக்கோவையை வைத்தால் இன்னும் நிறைய எண்களை அனுப்பலாம், இன்னும் நிறையப் பிழைகளைத் திருத்தலாம். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட முறை இதுதான். கியூஆர் கோடு இந்த முறையில்தான் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. இந்தப் பிழைதிருத்தத்தில் நான்கு அளவுகள் உண்டு. மிக உயர்ந்த அளவில் சுமார் 30 சதவீதத் தகவல் சிதைந்தாலும் மீட்டுவிடலாம். கீறல் விழுந்த சிடியில் பாட்டு ஓடியதும் இதே குடும்பத்து முறையால்தான். நேர்கோட்டுச் சமன்பாட்டைப் பள்ளியில் படிக்கும்போது, இது எதற்கு என்று கேட்காதவர் உண்டா? அந்தக் கேள்வி நியாயமானது, பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வரும் அந்த ஒரு நாளில் இந்தப் பதிலையாவது கையில் கொடுத்து அனுப்பலாமே.

இதில் பயன்படும் எண்கள் சாதாரண எண்கள் அல்ல. 256 உறுப்புகள் மட்டுமே கொண்ட, கூட்டினாலும் பெருக்கினாலும் அதற்குள்ளேயே சுற்றிவரும் ஒரு எண் அமைப்பு. அப்படிப்பட்ட அமைப்புகளைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எவரிஸ்ட் கால்வா. 1832இல் இறந்தபோது அவருக்கு வயது 20. அப்போது கணினியும் இல்லை, மின்விளக்கும் இல்லை. இதைச் சொன்னால், சுத்தக் கணிதம் படிக்க ஆசைப்படும் பிள்ளை, "எனக்குத் தொழில்நுட்பத்தில் இடமில்லை" என்று ஒதுங்க மாட்டாள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒளியை மின்னேற்றமாக மாற்றும் கேமரா சென்சார் மின்னணுவியல். ஸ்கேன் செய்ததும் எங்கோ இருக்கும் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்புவது வலைப்பின்னல். ஒட்டியிருக்கும் கோடின் மேலேயே வேறொருவர் தன் கோடை ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர் பாதுகாப்புத் துறைக்காரர். பார்வையற்ற ஒருவர் இந்தச் சதுரம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வார் என்று கேட்பவர் மனிதர்-கணினி உறவைப் படிப்பவர். கடைசிக் கேள்வியை யாராவது ஒரு மாணவர் தானாகக் கேட்டால், அவரைக் கட்டாயம் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது பயிற்சியால் எளிதில் வருவதல்ல.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒரு மாணவரிடம், "உனக்கு இதில் எந்தக் கேள்வி பிடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸா, எலக்ட்ரானிக்ஸா?" என்று கேட்பதைவிட அவருக்குப் பதில் சொல்ல எளிது.

ஆனால் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. இதைப் பேசாமல் மாணவர்களை உள்ளே அழைப்பது நியாயம் ஆகாது. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் சுமார் 37 சதவீதம் வரை உயர்ந்தது. அப்புறம் இறங்கத் தொடங்கி, 2010 வாக்கில் சுமார் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மற்ற அறிவியல் துறைகளில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு முக்கியக் காரணமாகப் பலரும் சுட்டுவது, வீட்டுக்கு வந்த கணினி பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டதை. கணினி பையனின் அறையில் இருந்தது. அவன் பல்கலைக்கழகத்துக்கு வரும்போது நான்கைந்து வருடம் நிரல் எழுதியிருந்தான். முதல் வகுப்பே அவனுடைய வேகத்தில் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கணக்கில் அவனைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாலும், "இது எனக்கு வராது போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு இல்லாதது அனுபவம், அவள் நினைத்ததோ திறமையே இல்லையென்று. எத்தனை பேர் இப்படி எழுந்து போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம், 2000இல் 42 சதவீதம். ஐந்தே வருடங்கள். முன்பே நிரல் எழுதியவர்களுக்குச் சேர்க்கையில் கொடுத்த முன்னுரிமையை எடுத்தார்கள். அனுபவத்துக்கு ஏற்ப முதல் ஆண்டில் வெவ்வேறு நுழைவுப் பாடங்களை வைத்தார்கள். பள்ளி ஆசிரியர்களைக் கோடையில் அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஹார்வி மட் என்ற சிறிய கல்லூரியும் 2006க்குப் பிறகு இதே வழியில் போனது. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வகுப்பு, புதியவர்களுக்கு ஒரு வகுப்பு என்று முதல் பாடத்தைப் பிரித்தது. அங்கேயும் பெண்களின் பங்கு சுமார் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்தை நெருங்கியது. பெண்களுக்காகச் செய்தது என்றாலும், வீட்டில் கணினியே இல்லாமல் வளர்ந்த பையனுக்கும் இது அதே அளவு உதவும்.

இன்னொரு கோணமும் உண்டு. 2000களில் கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் கற்பித்த சிலர், விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும் குறைகிறது, வரும்போது அவர்களுக்குத் தெரிந்திருப்பதும் குறைகிறது என்று கவனித்தார்கள். முந்தைய தலைமுறை வீட்டுக் கணினியைத் திறந்ததும் நிரல் எழுதச் சொல்லும் வெற்றுத் திரைதான் வரும். அடுத்த தலைமுறைக்குக் கிடைத்ததோ எல்லாம் தயாராக இருந்த, மூடிய பெட்டி. ஈபன் அப்டனும் நண்பர்களும் உள்ளங்கை அளவில், மூடியே இல்லாத, விலை குறைந்த ஒரு கணினிப் பலகையைச் செய்தார்கள். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை அதுதான். சில ஆயிரம் விற்றால் போதும் என்ற எண்ணத்தில் தொடங்கினார்கள், 2016க்குள் ஒரு கோடி விற்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், அவர்கள் கையில் திறந்து பார்க்கக்கூடிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும்.

சரி, தொழில்? மாணவர்களைவிடப் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். டச்சுக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1957இல் திருமணம் செய்துகொண்டபோது, பதிவேட்டில் தன் தொழில் 'நிரலர்' என்று சொன்னார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் ஏற்கவில்லை. கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று பதிந்தார்கள். கணினி அறிவியலின் உயரிய விருதான டியூரிங் விருதைப் பெற்று 1972இல் ஆற்றிய உரையில் அவரே சொன்ன செய்தி இது. மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலானதே 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பிறகுதான். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் ஒருவர் முப்பது வயதில் செய்யப்போகும் வேலைக்கு இன்னும் பெயர் வைக்காமலும் இருக்கலாம். அதனால் வேலைப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை நாள் எப்படி இருக்கும் என்று காட்டுவதில் நம்பிக்கை இருக்கிறது.

மென்பொருள் வேலையில் இருப்பவர் காலை முதல் மாலை வரை புதிய நிரல் எழுதிக்கொண்டே இருப்பதில்லை. வேறொருவர் மூன்று வருடம் முன் எழுதியதைப் படிப்பார். அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தேடுவார். வாடிக்கையாளர் கேட்பது என்ன, அவருக்கு உண்மையில் தேவை என்ன என்று நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவார். சோதனை எழுதுவார். பிறருக்குப் புரியும்படி குறிப்பு எழுதுவார். தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இவ்வளவு மதிப்பா என்று முதல் வேலையில் பலர் ஆச்சரியப்படுவார்கள். மொழிப்பாடத்தில் நன்றாக எழுதும் மாணவரிடம், "நீ தொழில்நுட்பத்துக்கு வேண்டாம்" என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வலைப்பின்னலைப் பராமரிப்பவர், மருத்துவக் கருவிக்குள் ஓடும் நிரலைச் சோதிப்பவர், தரவைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துபவர் எல்லாரும் இதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது மாணவர்கள் முன் உட்கார வைக்க வேண்டும். பதவி உயர்ந்தவராக இருக்கத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனவர் இன்னும் நல்லது. எது கடினமாக இருந்தது என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் எழும் கேள்வி ஒன்று இருக்கிறது: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே, நாங்கள் ஏன் படிக்க வேண்டும்? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எந்தெந்த வேலை எப்படி மாறும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை அவர்களிடம் நேராகவே சொல்லலாம். கூடவே 1999இல் நடந்ததைச் சொல்லலாம். நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த நாளிலேயே தொலைந்துபோனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துதலின் அளவைப் பவுண்டு-விசை அலகில் கொடுத்தது. அதை வாங்கிக் கணக்கிட்ட இன்னொரு மென்பொருள், அந்த எண் நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இரண்டின் கணக்கும் அதனதன் அலகில் சரிதான், எண்களும் பார்க்க ஒழுங்காகவே இருந்தன. "இது எந்த அலகில் இருக்கிறது?" என்ற கேள்வி அந்த இடத்தில் விடுபட்டுப்போனது. நிரலை யார் எழுதினாலும், எது எழுதினாலும், வந்த விடையை நம்பலாமா என்று சோதிக்க அடிப்படை தெரிந்த ஒருவர் வேண்டும். அலகு எழுதாவிட்டால் இயற்பியல் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பதும் இதற்காகத்தான்.

காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட அறிமுகத்தைப் பள்ளியின் கடைசி ஆண்டில் வைப்பது தாமதம். அதற்குள் பாடத் தேர்வு முடிந்திருக்கும், கணிதத்தை விட்டவர் விட்டிருப்பார். பெரும்பாலான பொறியியல் படிப்புகளின் கதவு அங்கேயே மூடிவிடுகிறது, மூடியது அந்த மாணவருக்கே தெரியாது. பாடம் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் ஆண்டு முன்னால் வர வேண்டும். ஒரே நாளில் ஐந்நூறு பேரை அரங்கில் உட்கார வைப்பதைவிட, இருபது பேரை மூன்று முறை வரவழைப்பது மேல். ஒரு மேசைக்கு மூன்று பேர். பக்கத்தில் முதலாண்டு அல்லது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர். மேசை மேல் வேலை செய்யாத ஏதோ ஒன்று: எரியாத விளக்கு, தவறான விடை தரும் சிறு நிரல், பாதியில் நிற்கும் மோட்டார். எங்கே கோளாறு என்று சொல்லிவிடக் கூடாது. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் மணி அடித்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை வரும்போது அதே மேசைக்குத்தான் ஓடுவார்கள்.

அங்கே போகும் மாணவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று தாராளமாகக் கேளுங்கள், அதில் தவறில்லை. அதோடு இதையும் கேளுங்கள்: "இந்த வாரம் உங்களுக்கு எது ஓடவில்லை? எப்படித் தேடினீர்கள்?" பதில் சொல்பவரின் முகம் மலர்ந்தால் அந்தத் துறையில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதல் ஆண்டில் எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், தடுமாறினால் யாரிடம் போகலாம் என்றும் கேளுங்கள். துறை மாறிப் படித்தவர் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் பேசுங்கள், ஏன் மாறினார் என்பதில் இரண்டு துறைகளைப் பற்றியும் தெரிந்துகொள்வீர்கள்.

போகும் முன் வீட்டில் ஒரு வேலை. அந்தக் கியூஆர் கோடை நான்கைந்து பிரதி எடுங்கள். மூலைச் சதுரங்களைத் தொடாமல், நடுவிலிருந்து ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பாக்கிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யுங்கள். எத்தனையாவது கட்டத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள். இரண்டாவது பிரதியில் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக வராமல் போகலாம். அப்படி வராவிட்டால் தாள்களை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.